பெயர் தெரிந்த வீரர்கள்

சிங்கப்பூரில் சிட்டி ஹால் ரயில் நிலையத்தில் இறங்கி, பாடாங் மைதானத்தையும் கானாட் டிரைவ் சாலையையும் தாண்டினால் எஸ்பிளனேடு பூங்கா. சாயங்காலம் ஆனால் அலுவலகம் விட்டு வருகிறவர்கள் மரத்தடியில் ஓடுவார்கள். சுற்றுலா வந்தவர்கள் மெர்லயன் எந்தப் பக்கம் என்று போனைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். ஒரு காலத்தில் கடல் இந்தப் பூங்காவின் ஓரம்வரை இருந்தது. கடலைத் தூர்த்து நிலமாக்கிய பிறகு தண்ணீர் தள்ளிப் போய்விட்டது. பொடிநடையில் சுற்றி வந்துவிடக்கூடிய இந்தச் சின்ன இடத்தில் போர் நினைவிடங்கள் மூன்று இருக்கின்றன. மூன்றும் வெவ்வேறு படைகளின் கதை. அதில் ஒரு படைக்கு இன்னொரு படை எதிரி.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது அவரை இங்கே அழைத்துப் போனேன். அவராகத்தான் கேட்டார்: "நேதாஜி கல்லு வச்ச எடம் இங்கதான இருக்கு? பெரியப்பா சொல்லிக்கிட்டே இருப்பாரு. அத ஒருதரம் பாத்துட்டா போதும்மா."

அம்மாவின் பெரியப்பா, எனக்குத் தாத்தா முறை, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐஎன்ஏ) இருந்தவர். சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடலைப் பையனாகக் கப்பலேறி, கோலாலம்பூருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். ஊரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஐஎன்ஏ தாத்தா என்றால்தான் தெரியும். எங்கள் பக்கம் அந்தத் தலைமுறையில் ஊருக்கு நாலு பேராவது போஸ் என்ற பெயரில் இருப்பார்கள். எங்கள் தெருவில் இருந்த போஸுக்குப் பெயர் வைத்ததே இந்தத் தாத்தாதான்.

முதலில் கண்ணில் பட்டது வெள்ளைக்காரர்கள் கட்டிய ‘செனோடாஃப்’. முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கானது. 1920 நவம்பர் 15 அன்று ஆளுநர் கில்மார்ட் அடிக்கல் நாட்டினார். போர்க்காலத்தில் பிரான்சின் பிரதமராக இருந்த கிளெமான்சோ அப்போது இந்தப் பக்கம் பயணம் வந்திருந்ததால் அவரும் கூட இருந்தார். வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் 1922 மார்ச் 31இல் திறந்து வைத்தார். வடிவமைத்தவர் ஸ்வான் அண்ட் மெக்லாரன் நிறுவனத்தின் கட்டடக் கலைஞர் டெனிஸ் சான்ட்ரி. முழுக்கக் கருங்கல். மேலே ஏறும் படிகள் ஐந்து, படிக்கு ஒரு வருடமாக 1914 முதல் 1918 வரை செதுக்கியிருக்கிறார்கள். அம்மா கைப்பிடி தேடியபடி படி ஏறினார். 1916இல் நின்று மூச்சு வாங்கினார். நான்தான் குனிந்து அந்த எண்களைக் காட்டினேன், அவர் செருப்பைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டார்.

மேலே உலோகப் பலகைகளில் 124 பெயர்கள். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர்கள், இங்கே வேலைக்கு வந்து இருந்தவர்கள், போருக்குப் போய் அங்கேயே செத்துப்போனவர்கள். "இதுல நம்மாளுக பேரு இருக்கா?" என்று அம்மா கேட்டார். "இல்லம்மா, எல்லாம் இங்கிலீஷ்காரங்க." அவர் ஒன்றும் சொல்லவில்லை. பலகையை மட்டும் விரலால் தடவிப் பார்த்தார். எழுத்து மேடாக இருந்தது.

பின்பக்கம் இரண்டாம் உலகப் போருக்காகச் சேர்த்தது. 1939, 1945 என்று வருடங்கள் இருக்கின்றன, பெயர்கள் இல்லை. நாம் வாழ்வதற்காக அவர்கள் உயிரைக் கொடுத்தார்கள் என்ற பொருளில் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு மொழிகளில் ஒரே ஒரு வரி. அம்மா தமிழைக் கண்டதும் சத்தம் போட்டு வாசித்தார். பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு ஜோடி திரும்பிப் பார்த்தது.

அப்புறம் தென்பக்கமாக நடந்தோம். மரங்களுக்கு இடையில் ஒரு கல்வெட்டு. இந்திய தேசிய ராணுவ நினைவுச்சின்னம் இருந்த இடம் இது என்று சொல்லும் அடையாளம், அவ்வளவுதான். சின்னம் இல்லை. போர் முடிந்து 50 ஆண்டுகள் ஆனதை ஒட்டி 1995இல் சிங்கப்பூரின் தேசிய மரபுடைமைக் கழகம், இங்குள்ள இந்தியர்கள் கொடுத்த நன்கொடையோடு இதை வைத்தது. எதிரில் போகிறவர்கள் கவனிக்காமலேயே தாண்டிவிடலாம். பலர் தாண்டிப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

இங்கே நின்ற சின்னத்தின் ஆயுள் சுமார் இரண்டு மாதம்.

1945 ஜூலை 8ஆம் தேதி சுபாஷ் சந்திர போஸ் இங்கே அடிக்கல் நாட்டினார். இம்பாலில் தோற்று, பர்மாவைக் கைவிட்டு, ரங்கூனிலிருந்து பின்வாங்கி வந்த பிறகு நடந்த விழா அது. படை அநேகமாகச் சிதறிவிட்டது. ஜப்பானும் தோற்றுக்கொண்டிருந்தது. இந்த நிலைமையில் ஒரு மனிதர் உட்கார்ந்து இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் கட்ட வேண்டும் என்று முடிவு செய்கிறார் என்றால், அதில் அரசியல் கணக்கு இருந்திருக்கலாம். ஆனால் பட்ட கடனைத் தீர்க்கும் அவசரம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கட்டும் பொறுப்பு கர்னல் ஸ்ட்ரேசியிடம் போனது. ஆங்கிலோ இந்தியர், ஐஎன்ஏ அதிகாரி. இத்தெஃபாக், இத்மாத், குர்பானி என்ற மூன்று சொற்களைப் பொறித்தார்கள். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம். சின்னத்தை அர்ப்பணித்தது படையின் பெயர் அறியாத வீரனுக்கு.

ஆகஸ்ட் 15இல் ஜப்பான் சரண் அடைந்தது. மூன்று நாளில் தைபேயில் போஸ் போன விமானம் விபத்துக்குள்ளானது. செப்டம்பர் 5ஆம் தேதி பிரிட்டிஷ் தரப்புப் படைகள் சிங்கப்பூரில் வந்து இறங்கின. இறங்கியது 5ஆம் இந்தியப் பிரிவு. பிரிட்டிஷ் தளபதி மவுன்ட்பேட்டன் உத்தரவுப்படி அந்த மாதமே சின்னத்தை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். அதே செப்டம்பர் 12இல் பாடாங்குக்கு எதிரே இருக்கும் நகராட்சிக் கட்டடத்தில் ஜப்பானியத் தளபதிகள் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இரண்டே வருடம் முன்னால், 1943 ஜூலை 5 அன்று, அந்தக் கட்டடத்தின் முன்புதான் போஸ் படையைப் பார்வையிட்டு ‘சலோ டெல்லி’ என்று முழங்கியிருந்தார்.

கல்லுக்கு வெடி வைத்தது ஏன் என்று அம்மாவுக்குப் புரியவில்லை. "செத்தவங்களுக்கு வச்ச கல்லுதான? அதப் போயி ஏன் ஒடைக்கணும்?" மவுன்ட்பேட்டனின் கண்ணில் இவர்கள் சத்தியம் செய்த ராஜாவுக்குத் துரோகம் செய்தவர்கள். சிங்கப்பூர் வீழ்ந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17இல், ஃபேரர் பார்க்கில் சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். அவர்களில் பலர் பிறகு இந்தப் படையில் சேர்ந்தார்கள். ராணுவ அதிகாரியாக அவர் யோசித்தது அப்படித்தான் இருக்கும். ஆனால் எங்கள் தாத்தா எந்த ராஜாவுக்கும் சத்தியம் செய்தவர் இல்லை. அவர் பால்மரம் வெட்டிய கூலி.

இந்த வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஐஎன்ஏ என்றதும் தாடி வைத்த சீக்கியச் சிப்பாயும், டெல்லி செங்கோட்டையில் ஐஎன்ஏ அதிகாரிகள் மேல் நடந்த வழக்கும்தான் நினைவுக்கு வருகின்றன. போஸ் வந்த பிறகு மலாயாவிலும் சிங்கப்பூரிலும் புதிதாகச் சேர்ந்த பொதுமக்களில் பெரும்பாலானவர்கள் தமிழர்கள். தோட்டத் தொழிலாளிகள், கடைப் பையன்கள், குமாஸ்தாக்கள். தோட்டக் கூலிகளின் வரிசை வீடான லயத்திலிருந்து வந்தவர்கள். ஐஎன்ஏவின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையைச் சென்னையில் பிறந்து சிங்கப்பூரில் டாக்டராக இருந்த லட்சுமி சுவாமிநாதன் நடத்தினார். அதில் சேர்ந்த பெண்களில் பலர் இந்தியாவை அதுவரை கண்ணால் பார்த்ததே கிடையாது. கோலாலம்பூர் ஜானகி பதினெட்டு வயதில் போஸின் பேச்சைக் கேட்டுக் காதிலும் கழுத்திலும் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் படையில் சேர்ந்தார். பின்னாளில் மலேசிய மேலவை உறுப்பினராக இருந்த ஜானகி ஆதி நாகப்பன் அவர்தான். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுக் கிளம்பியபோது ஜான்சி ராணிப் படைப் பெண்களைக் கூட அழைத்துக்கொண்டே போஸ் வெளியேறினார். குண்டுவீச்சுக்குப் பயந்து ராத்திரி ராத்திரியாக நடை.

தோட்டத்துத் தமிழர்கள் ஏன் சேர்ந்தார்கள்? தேசபக்தி உண்டு, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அது மட்டுமே என்று எழுதினால் அந்த மனிதர்களை நாம் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பருக்குச் சந்தை இல்லை. சம்பளம் நின்றது. அரிசி கிடைக்கவில்லை, மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். அதைவிடப் பெரிய பயம் சயாம். தாய்லாந்துக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியர் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்தார்கள். முதலில் ஆசை காட்டினார்கள், பிறகு லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். காலராவிலும் பசியிலும் அங்கே செத்த தமிழர்களுக்குக் கணக்கே இல்லை. ராணுவச் சட்டை போட்டவனைச் சயாமுக்குப் பிடிக்க மாட்டார்கள் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தாத்தாவும் இதை மறைக்கவில்லை. "சயாமுக்குப் போயிச் சாகுறதுக்கு நாட்டுக்காகச் சாவோம்னு போனேன்" என்று சொல்வாராம். மரவள்ளிக்கிழங்கை அவர் ஊருக்கு வந்த பிறகு தொட்டதே இல்லை. சந்தையில் அது குவித்து வைத்திருக்கும் வரிசைக்கே போக மாட்டார் என்றார் அம்மா.

இங்கேதான் மூன்றாவது நினைவிடம் மனதை உறுத்துகிறது. ஐஎன்ஏ கல்வெட்டிலிருந்து பார்க்கிற தூரத்தில் லிம் போ செங் நினைவுக் கோபுரம். எட்டுப் பக்கமுள்ள சீனக் கோபுரம், வெண்கலக் கூரை, சுற்றி நான்கு வெண்கலச் சிங்கங்கள். லிம் போ செங் ஒரு வியாபாரி. ஜப்பானை எதிர்த்து ஃபோர்ஸ் 136 என்ற பிரிட்டிஷ் ரகசியப் படையில் வேலை செய்து பிடிபட்டு, சித்திரவதைக்குப் பிறகும் கூட இருந்தவர்களைக் காட்டிக்கொடுக்காமல், மலாயாவில் பத்து காஜா என்ற ஊரின் சிறையில் 1944 ஜூன் 29இல் 35 வயதில் இறந்தார். அவரைக் கொன்ற ஜப்பானின் துணையோடு டெல்லிக்குப் போகப் பார்த்தது எங்கள் தாத்தாவின் படை. சீனக் குடும்பங்கள் ஜப்பானிய ஆட்சியில் பட்ட பாட்டுக்குக் கொஞ்ச தூரத்தில், பீச் ரோட்டில், நான்கு வெள்ளைத் தூண்களாக நிற்கும் பொதுமக்கள் நினைவுச்சின்னமே சாட்சி. 1962இல் சிக்லாப் பக்கம் குழி குழியாக எலும்புகள் கிடைத்த பிறகு கட்டினார்கள். 1967 பிப்ரவரி 15இல் லீ குவான் யூ திறந்து வைத்தார். அதன் அடியில் 600க்கும் மேற்பட்ட தாழிகள் புதைக்கப்பட்டிருக்கின்றன.

என்னுடன் வேலை பார்க்கும் ஒரு சீனத் தோழியின் தாத்தா அந்த ஆட்சியில் காணாமல் போனவர். அவளிடம் என் தாத்தாவின் கதையைச் சொல்ல எனக்கு ரொம்ப நாள் தயக்கம். சொன்னபோது அவள் கோபப்படவில்லை, எத்தனை வயதில் சேர்ந்தார் என்று கேட்டாள். சொன்னேன். "சின்னப் பையன்" என்றாள். அந்தப் பூங்கா மூன்றையும் ஒன்றாக வைத்திருப்பதை நான் மதிக்கிறேன். எவரையும் சிறுமைப்படுத்தாமல் ஒரு நகரம் இதைச் செய்ய முடியும் என்பது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் பெயர்கள் விஷயத்தில் எனக்கு ஆறவே இல்லை. செனோடாஃபில் 124 பெயர்கள் இருக்கின்றன. நகரத்தின் வடக்கே கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போனால், கல்லறை இல்லாமல் மறைந்தவர்கள் 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்களைச் சுவர் சுவராகப் பொறித்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் தரப்பில் சண்டை போட்ட இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் அங்கே உண்டு. அது எப்படி முடிந்தது? ஒரு ராணுவ அலுவலகம் ஒவ்வொரு ஆளுக்கும் எண் கொடுத்தது, சம்பளப் பட்டியல் வைத்தது, செத்தால் வீட்டுக்குத் தந்தி அடித்தது. தாள் இருந்ததால் கல்லில் ஏறியது. ஐஎன்ஏ பின்வாங்கியபோது காகிதங்களை எரித்தார்கள். தோட்டத்தில் சேர்ந்தவன் பர்மாவில் விழுந்தால் அவன் அம்மாவுக்குச் சேதி சொல்ல ஆள் இல்லை. ஆகவே பெயர் அறியாத வீரன். அந்த அர்ப்பணிப்பில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. தோற்றுக்கொண்டிருந்த படைக்கு வேறு வழி கிடையாது. ஆனால் எண்பது வருடம் கழித்து நாமும் அதையே திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அலுவலகத்துக்குத்தான் அவர்கள் பெயர் தெரியாது. வீடுகளுக்குத் தெரியும்.

தாத்தா விஷயத்தில் தாள் இல்லாததன் விலை கடைசிவரை தெரிந்தது. 1945 மே மாதம் பிரிட்டிஷ் படை ரங்கூனுக்குள் வந்தபோது அவர் அங்கே இருந்தார். நகரத்தில் கொள்ளை நடக்காமல் பார்த்துக்கொள்ளச் சுமார் 5,000 பேரை மேஜர் ஜெனரல் லோகநாதன் தலைமையில் விட்டுவிட்டுத்தான் போஸ் போயிருந்தார். லோகநாதனும் தமிழர்தான், டாக்டர். அந்த 5,000 பேரில் தாத்தா ஒருவர். சில மாதம் முள்வேலிக்குள் வைத்திருந்து, இவன் பழைய சிப்பாய் இல்லை, தோட்டக் கூலி என்று தெரிந்ததும் போகச் சொல்லிவிட்டார்கள். வழக்கும் இல்லை, தண்டனையும் இல்லை, விடுதலைச் சீட்டும் இல்லை. உயிர் தப்பியதற்கு அன்றைக்குச் சந்தோஷப்பட்டிருப்பார்.

1972இல் மத்திய அரசு தியாகிகள் பென்ஷன் கொண்டுவந்தது. ஐஎன்ஏக்காரர்களுக்கும் உண்டு. ஆனால் சிறையில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும், இல்லையென்றால் கூடச் சிறையில் இருந்தவர் எழுதித் தர வேண்டும். தாத்தா ஒரு மஞ்சள் பையில் மனுவின் நகல்களை வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் போய் வருவார். போன இடத்தில் சர்டிபிகேட் கேட்டார்கள். கூட இருந்த சிநேகிதர் ஒருவர் பினாங்கில், ஒருவர் ரங்கூனிலேயே தங்கிவிட்டார், ஒருவர் இறந்துவிட்டார். கடைசியில் புதுக்கோட்டைப் பக்கம் ஒருவரைத் தேடிக் கண்டுபிடித்து எழுதி வாங்கி அனுப்பினார். அவருடைய சிறை ஆதாரத்தையும் கேட்டு மனு திரும்பி வந்தது. சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்ற மட்டும் முதல் வரிசையில் நாற்காலி போட்டுக் கூப்பிடுவார்கள். அவர் வெளுத்த காக்கிச் சட்டையை அம்மாவிடம் கொடுத்து இஸ்திரி போடச் சொல்வார். கரி போட்ட பித்தளைப் பெட்டி. காலர் மடிப்பு நேராக வரவில்லை என்றால் திரும்பக் கொடுப்பார். "அன்னைக்கி மட்டும் அவரு வேற ஆளு" என்றார் அம்மா. பென்ஷன் வராமலேயே இறந்துபோனார்.

ஜான்சி ராணிப் படையில் இருந்தவர்களில் சிலர் வாழ்ந்த காலத்திலேயே பேசிப் பதிந்தார்கள், புத்தகங்களும் வந்தன. சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளில் ஜப்பானிய ஆட்சிக்காலம் பற்றித் தனித் தொகுப்பே இருக்கிறது. தமிழில் பேசியவர்களும் அதில் இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள், நம் வீட்டுப் பெரியவர்கள் பேசுகிற மாதிரியே இருக்கும். ஆனால் எங்கள் தாத்தா மாதிரி ஊருக்குத் திரும்பி, பேட்டி காண ஆளில்லாமல் போனவர்கள்தான் அதிகம். ராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கங்களில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய இருக்கின்றன. அந்த வீடுகளில் இன்னும் ஏதாவது மிச்சம் இருக்கும். நிராகரித்து வந்த பென்ஷன் கடிதத்தில்கூட ஆள் பெயர், அப்பா பெயர், சேர்ந்த ஊர், முகாம் எல்லாம் அவர் கையாலேயே எழுதியிருப்பார். அதுவே ஒரு பதிவு. கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய கப்பல் டிக்கெட், போஸின் ஆசாத் ஹிந்த் அரசு கொடுத்த ரசீது, குழுப் படம் எது இருந்தாலும் பின்னால் இருப்பதையும் சேர்த்துப் படம் எடுங்கள். பெயர்கள் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

எண்பது வயதைத் தாண்டிய அத்தை, சித்தப்பா யாராவது இருந்தால் உட்கார வைத்துப் பேச விடுங்கள். நேதாஜியைப் பார்த்தாரா என்று ஆரம்பிக்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் கேட்டிருப்பார்கள், பதிலும் மனப்பாடமாக வரும். எந்தத் தோட்டம், யாரோடு போய்ச் சேர்ந்தார், கூடப் போய்த் திரும்பாதவர் யார் என்று கேளுங்கள். நாங்கள் அன்று பூங்காவில் பெஞ்சில் உட்கார்ந்து பேசியதில் அம்மா சாதாரணமாக மூன்று பெயர்கள் சொன்னார். மூன்று பேரும் தாத்தாவோடு ஒரே லயத்திலிருந்து கிளம்பியவர்கள், இரண்டு பேர் திரும்பவில்லை. தாத்தா ராத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு அவர்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு அம்மாவுக்குப் பதிந்திருக்கிறது. ஒருவருக்கு இடது கையில் ஆறு விரல் என்பதுவரை. இதுவரை எவரும் அவரிடம் கேட்டதில்லை, நான் உட்பட யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதை அங்கேயே போனில் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். தோட்டத்தின் பெயர் அம்மாவின் உச்சரிப்பில் இருக்கிறது, பழைய தோட்டப் பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எந்த ரெஜிமென்ட் என்றுதான் இன்னும் பிடிபடவில்லை. காந்தி, ஆசாத், நேரு, சுபாஷ் என்று ரெஜிமென்ட்டுகளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஐஎன்ஏ அதிகாரி தில்லோன் தலைமையில் 1945 பிப்ரவரியில் பர்மாவின் ஐராவதி ஆற்றங்கரையில் நின்ற நேரு ரெஜிமென்ட்டில் மலாயாத் தமிழர்கள் நிறைய இருந்தார்கள். ஆற்றங்கரையில் பதுங்குகுழி வெட்டியதைத் தாத்தா சொல்வார் என்பதால் அதுவாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அவருடைய கடைசித் தம்பி மகன் தேவகோட்டையில் இருக்கிறார், மஞ்சள் பை அவர் வீட்டுப் பரணில்தான் இருக்கிறதாம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது முதல் வேலையாக அவரைப் பார்க்க வேண்டும். கிளம்புவதற்கு முன்பே போன் செய்து பரணை அதுவரை சுத்தம் செய்துவிட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.